வைமாரில் பார்க்க வேண்டியது

வைமார் நகரத்துக்குப் போய் வந்தவர்கள் எழுதுகிற கட்டுரைகளை நான் விடாமல் படிக்கிறவன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. இல்ம் நதிக்கரையில் ஒரு சிறிய ஜெர்மன் ஊர். அங்கே மகாகவி கதே வாழ்ந்தார்; ஷில்லரும் வந்து சேர்ந்தார்; நாடகசாலைக்கு முன்னால் இருவரும் ஒரே பீடத்தில் நிற்கும் வெண்கலச் சிலை இருக்கிறது. பிறகு கதேயின் வீடு, ஷில்லரின் வீடு, புஸ்தகசாலை, பூங்கா. நடுவில் நம்மவர்களுக்கென்றே ஒரு பாரா: சாகுந்தலத்தை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு 1791-ம் வருஷம் கதே நாலு வரிக் கவிதையில் அதைக் கொண்டாடிய கதை. அந்த இடத்தில், காளிதாசன் தமக்குத் தாய்மாமன் என்பது போலக் கட்டுரை ஆசிரியரின் நெஞ்சு விம்மும். கடைசியில் சந்தைச் சதுக்கத்தில் காப்பி சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறுவார். கட்டுரை முடிந்துவிடும்.

இப்படி முடிகிற கட்டுரை பொய் என்பது என் கட்சி. ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம். அவற்றையெல்லாம் சேர்த்து வைத்து, சேர்க்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டால், மொத்தத்தில் அது பொய்தான். நம்மூர் ஸ்தல புராணத்தில் தெய்வத்தின் திருவிளையாடல் வரும். ஊர்க்காரன் செய்த அக்கிரமம் வராது. பக்தி நூலுக்கு அது பொருந்தும். கண்ணால் கண்டதை எழுதுகிறேன் என்று பேனாவைப் பிடித்தவனுக்குப் பொருந்தாது.

வைமாரில் பார்க்க ஒன்றுமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிறைய இருக்கிறது. கதே 1775-ம் வருஷம், இருபத்தாறு வயது இளைஞராக அந்த ஊருக்கு வந்தார். 1832-ல் அங்கேயே இறந்தார். அவருடைய பெரிய வீடும், பூங்காவிலுள்ள சின்னத் தோட்ட வீடும் பார்க்கத் தகுந்தவை. ஷில்லர் தம் கடைசி வருஷங்களைக் கழித்த வீட்டில் அவர் எழுதிய மேஜையைக் காட்டுகிறார்கள். ரீட்ஷல் என்ற சிற்பி 1857-ல் செய்த அந்த ஜோடிச் சிலை, பார்த்தவர் மனத்தில் நிற்கும். 1919-ல் ஜெர்மன் குடியரசின் அரசியல் சட்டம் நிறைவேறியது சிலைக்குப் பின்னாலிருக்கும் நாடகசாலையில்தான். அதே வருஷம் கட்டடக் கலையைத் தலைகீழாக மாற்றிய பௌஹவுஸ் பள்ளி தொடங்கியதும் இந்த ஊரில்தான். 1998-ல் யுனெஸ்கோ இந்தக் கவிஞர் காலத்து வைமாரை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. ஒரு சின்ன ஊருக்கு இவ்வளவு பெருமை அதிகம்தான். ஆனால் அத்தனையும் நியாயமாக வந்த பெருமை.

ஊருக்கு வடமேற்கே சுமார் எட்டுக் கிலோமீட்டர் தூரத்தில் எட்டர்ஸ்பெர்க் என்ற குன்று இருக்கிறது. கதேக்குப் பழக்கமான குன்று. 1776-ம் வருஷம் பிப்ரவரி மாதம், வழிநடைக்காரனின் இரவுப் பாட்டாக அவர் எழுதிய புகழ்பெற்ற சிறு கவிதை, அந்தக் குன்றின் சரிவில் பிறந்தது. குன்றின் மறுபுறத்தில் ஓர் அரண்மனை. ராஜமாதா அன்னா அமாலியா அங்கே கோடைக்காலங்களில் கவிஞர்களையும் சங்கீத வித்வான்களையும் கூட்டிவைத்துக் கொண்டாடினாள்; கதே அங்கே நாடகத்தில் வேஷம் கட்டியிருக்கிறார். அந்த அரண்மனையும் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

அதே குன்றின் மேல், 1937-ம் வருஷம் ஜூலை மாதத்தில், ஹிட்லரின் எஸ். எஸ். படையினர் காட்டை வெட்டி ஒரு சிறை முகாம் அமைத்தார்கள். 1945 ஏப்ரல் 11-ம் தேதி அது விடுதலையாகும் வரையில் அதற்குள்ளும் அதைச் சேர்ந்த கிளை முகாம்களுக்குள்ளும் அடைக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 2,80,000 பேர். செத்தவர்கள் சுமார் 56,000 பேர். யூதர்கள், கம்யூனிஸ்டுகள், ஜிப்ஸிகள், ரஷ்யப் போர்க் கைதிகள், போலந்துக்காரர்கள், பிரெஞ்சுக்காரர்கள் என்று ஐரோப்பா முழுவதும் அங்கே கொண்டுவரப்பட்டது. அந்த முகாமை உலகம் புக்கன்வால்ட் என்ற பெயரால் அறியும்.

என் வழக்கு அந்தப் பெயரைப் பற்றியதுதான்.

முகாமுக்கு முதலில் இட்ட பெயர் புக்கன்வால்ட் அல்ல, எட்டர்ஸ்பெர்க். இருக்கும் குன்றின் பெயரையே வைத்துவிட்டார்கள். உடனே வைமார் நகரத்திலிருந்து ஓர் ஆட்சேபம் கிளம்பிற்று. ஆட்சேபித்தவர்கள் நாஜிக் கட்சியைச் சார்ந்த கலாசாரச் சங்கத்தார். அவர்கள் சொன்ன காரணம்: எட்டர்ஸ்பெர்க் என்ற பெயர் கவிஞர் கதேயின் வாழ்க்கையோடு சம்பந்தப்பட்டது, அதை ஒரு சிறை முகாமுக்கு வைக்கலாகாது. மேலிடத்தார் இதைப் பரிசீலித்தார்கள். அவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. அந்த மாத முடிவுக்குள், காட்டில் நிறைந்திருந்த பீச் மரத்தின் பெயரால் முகாமுக்குப் புதுப் பெயர் சூட்டினார்கள். புக்கன்வால்ட் என்றால் பீச் மரக் காடு. உத்தியோக விலாசம் இப்படி அமைந்தது: சிறை முகாம் புக்கன்வால்ட், தபால்: வைமார்.

இதைப் படித்துவிட்டு அடுத்த பாராவுக்குத் தாவிவிட வேண்டாம் என்று வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். சற்று நின்று யோசிக்க வேண்டிய விஷயம் இது. மனிதர்களை வேலியிட்டு அடைக்கப் போகிறார்கள் என்பதில் அந்தச் சங்கத்தாருக்கு ஆட்சேபம் இல்லை. கதேயின் குன்றில் அடைக்கிறார்களே என்பதிலும் ஆட்சேபம் இல்லை. கடிதத் தலைப்பில் அந்தக் குன்றின் பெயர் வரக் கூடாது, அவ்வளவுதான். அடியும் பட்டினியும் சாவும் நடக்கட்டும். பெயர் மட்டும் சுத்தமாக இருக்கட்டும். இவர்கள் படிக்காத முரடர்கள் அல்ல. கதேயைப் படித்தவர்கள், அவருடைய வரலாற்றில் எந்தக் குன்று எங்கே வருகிறது என்று தெரிந்துவைத்திருந்தவர்கள், கலாசாரத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தவர்கள்.

இன்றைக்கு வைமாருக்குப் போய், கதே வீட்டையும் ஷில்லர் வீட்டையும் பார்த்துவிட்டு, குன்றைப் பற்றி மூச்சு விடாமல் கட்டுரை எழுதுகிறவர் என்ன செய்கிறார்? அந்தச் சங்கத்தார் 1937-ல் கேட்டுக்கொண்டதையே செய்கிறார். கதேயின் பெயருக்குப் பக்கத்தில் அந்த முகாம் வராமல் பார்த்துக்கொள்கிறார். அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். விளைவு மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.

ஊர் வேறு, முகாம் வேறு, இரண்டையும் முடிச்சுப் போடாதே என்பார்கள். முடிச்சு நான் போட்டதல்ல. சரித்திரத்திலேயே விழுந்திருக்கிறது. குடியரசின் சட்டம் பிறந்த அதே நாடகசாலையில் 1926-ல் ஹிட்லர் தன் கட்சி மாநாட்டை நடத்தினான். முகாமில் செத்தவர்களை, அங்கேயே தனியாகச் சுடலை கட்டிக்கொண்ட 1940-ம் வருஷம் வரையில், வைமார் நகரத்தின் மயானத்தில்தான் கொண்டுவந்து எரித்தார்கள். வண்டி வந்தது, புகை எழும்பிற்று, கணக்கு எழுதப்பட்டது. அதே மயானப் பகுதியில்தான் கதேயும் ஷில்லரும் வைக்கப்பட்ட ராஜ வம்சத்துக் கல்லறை மண்டபம் இருக்கிறது. யாத்திரிகர்கள் அங்கே குனிந்து வணங்குகிறார்கள். ஷில்லரின் பெட்டி காலி. அதிலிருந்த எலும்புகள் ஷில்லருடையவை அல்ல என்று 2008-ல் விஞ்ஞான ஆராய்ச்சியில் தெரிந்துவிட்டது. ஒரு கவிஞனின் மண்டையோடு உண்மையானதுதானா என்று கண்டுபிடிக்க எவ்வளவு சிரத்தை! அதைத் தவறென்று நான் சொல்லவில்லை. அந்தச் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கை, அதே இடத்தில் எரிந்து போனவர்களுக்காகச் செலவிடக் கூடாதா என்று கேட்கிறேன்.

ஷில்லரின் மேஜையை எடுத்துக்கொள்ளுங்கள். யுத்த காலத்தில் குண்டு வீச்சுக்குப் பயந்து, ஷில்லர் வீட்டுச் சாமான்களைப் பத்திரப்படுத்தத் தீர்மானித்தார்கள். வீடு வெறுமையாகத் தெரியக் கூடாது என்பதற்காக நகல்கள் செய்யச் சொன்னார்கள். செய்து கொடுத்தவர்கள் புக்கன்வால்ட் முகாமின் கைதிகள். கூலியில்லாத தச்சர்கள், ஷில்லர் எழுதிய மேஜைக்கு அச்சு அசலாக இன்னொரு மேஜையைக் குன்றின் மேல் செய்தார்கள். மனித சுதந்திரத்தைத் தன் நாடகங்களிலெல்லாம் முழங்கியவன் ஷில்லர். அவனுடைய மேஜையை அடிமைகளைக் கொண்டு செய்வித்தார்கள். செய்வித்தவர்களுக்கு அதில் எந்த முரண்பாடும் தோன்றவில்லை.

பௌஹவுஸ் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புக்கன்வால்டின் இரும்புக் கதவில் சில எழுத்துக்கள் இருக்கின்றன. 'அவரவர்க்கு உரியது அவரவர்க்கு' என்பது அவற்றின் பொருள். வெளியே இருப்பவன் படிப்பதற்காக அவை அமைக்கப்படவில்லை. உள்ளே நிற்கும் கைதி படிக்கும்படி உட்புறம் நோக்கி அமைக்கப்பட்டன. அந்த எழுத்துக்களை வரைந்தவர் பிரான்ஸ் எர்லிக் என்ற கைதி. பௌஹவுஸ் பள்ளியின் மாணவர். தம்மை அடைத்தவர்களின் உத்தரவுப்படி, அவர்கள் வெறுத்து ஒதுக்கிய அந்தப் பள்ளியின் பாணியிலேயே அவர் வரைந்து கொடுத்தார். பௌஹவுஸின் நாற்காலியையும் தேநீர்க் கெண்டியையும் பார்க்க வருகிறவன், அந்தப் பள்ளியின் மாணவன் குன்றின் மேல் செய்த இந்த வேலையையும் பார்க்க வேண்டாமா?

நான் முதல் தடவை போனது ஓர் உல்லாசப் பிரயாணக் கம்பெனியின் ஏற்பாட்டில். கம்பெனியின் பெயர் இங்கே அவசியமில்லை; எல்லாக் கம்பெனிகளும் ஏறக்குறைய அப்படித்தான். வைமாருக்கு ஒரு பகல். அதில் சாப்பாட்டுக்கு ஒரு மணி, கடைகளுக்கு ஒரு மணி. குன்று நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை. வழிகாட்டி நன்றாகப் படித்த மனிதர். அன்னா அமாலியா புஸ்தகசாலையின் முன்னால் நின்று, 2004 செப்டம்பரில் அது தீப்பிடித்த கதையைச் சொன்னார். ஐம்பதாயிரம் புஸ்தகங்கள் சாம்பலாகிவிட்டன. ஊர் ஜனங்கள் இரவோடிரவாக வரிசையில் நின்று கைக்குக் கை மாற்றிப் பல்லாயிரம் புஸ்தகங்களைக் காப்பாற்றினார்கள். சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. எனக்கும் கண் கலங்கிற்று. புஸ்தகம் எரிந்தால் எழுத்தாளனுக்கு வலிக்காதா?

குன்றுக்குப் போக நேரம் உண்டா என்று நான் கேட்டேன். "அது எல்லாருக்கும் பிடிக்காது, விடுமுறையில் வந்தவர்களின் மனத்தை ஏன் கெடுப்பது?" என்றார். ஐம்பதாயிரம் புஸ்தகங்களுக்காக எங்கள் மனத்தைக் கெடுக்க அவருக்குத் தயக்கம் இல்லை. ஐம்பத்தாறாயிரம் மனிதர்களுக்காகக் கெடுக்கத்தான் தயக்கம்.

மறுநாள் நானாகவே போனேன். ஊருக்குள்ளிருந்தே டவுன் பஸ் போகிறது. நினைவிடத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. மேலே பார்க்க அதிகமாக ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொட்டகைகள் இடிக்கப்பட்டுவிட்டன, அவை இருந்த இடங்கள் தரையில் மட்டும் தெரிகின்றன. வாசல் கோபுரத்துக் கடிகாரம், முகாம் விடுதலையான நேரத்தைக் குறித்து மூன்றேகால் மணியில் நிற்கிறது. நடுவில் ஒரு மரத்தின் அடிக்கட்டை. கைதிகள் அதைக் கதேயின் ஓக் மரம் என்று அழைத்தார்கள். காட்டை வெட்டியபோது எஸ். எஸ். காரர்கள் அந்த ஒரு மரத்தை வெட்டாமல் விட்டார்கள். 1944 ஆகஸ்டில் நடந்த விமானத் தாக்குதலில் அது எரிந்து, பிறகு வெட்டப்பட்டது. மரத்துக்குக் காட்டிய தயவு மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

ஆட்சேபங்களுக்கு வருவோம்.

முதலாவது, கதேயின் மேல் பழி போடுகிறாயா என்பது. இல்லை. முகாம் தோன்றுவதற்கு நூற்றைந்து வருஷம் முன்னாலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கவிதைக்கு எந்தக் களங்கமும் இல்லை. அவர் பெயரைத் திரைச்சீலையாக்கி அதன் பின்னால் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைத்தவர்களோடுதான் என் சண்டை. அந்தத் திரையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டிருக்கிற பிரயாண எழுத்தாளரோடும் சண்டை.

இரண்டாவது, இப்படிப் பார்த்தால் உலகத்தில் எந்த ஊரைத்தான் நிம்மதியாகப் பார்ப்பது என்பது. எந்த ஊரிலும் கோட்டைக்கு அடியில் எலும்பு இருக்கும்தான். ஆனால் பெரும்பாலான இடங்களில் பெருமை ஒரு பக்கம், கொடுமை ஒரு பக்கம். இங்கே பெருமையே கொடுமைக்குக் காவல் நின்றது. கவிஞனின் புகழைக் காட்டித்தான் முகாமின் பெயரை மாற்றினார்கள். ஆகையால் இந்த ஊரில் ஒன்றை விட்டு ஒன்றைப் பார்க்க முடியாது.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. கொலைக்களத்தை வேடிக்கை பார்க்கும் இடமாக்கலாமா? அந்தக் கதவின் முன்னால் நின்று பல்லைக் காட்டிப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறவர்களை நானும் பார்த்தேன். அவர்களுக்குப் பரிந்து பேச நான் தயாரில்லை. ஆனால் கோயிலில் செருப்புத் திருடுகிறவன் இருக்கிறான் என்பதற்காகக் கோயிலையே அடைத்துவிடுகிறோமா? போகிற விதத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். போகாமலிருப்பது அதற்குப் பரிகாரமாகாது.

மறைப்பது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய பழக்கமல்ல என்பதையும் குறிப்பிட வேண்டும். ஹிட்லரின் ஆட்கள் ஓடிய பிறகு, 1945 முதல் 1950 வரையில் சோவியத் ராணுவம் அதே முகாமில் தன் கைதிகளை அடைத்தது. சுமார் 28,000 பேர். அதில் ஏழாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். கிழக்கு ஜெர்மன் சர்க்கார் 1958-ல் குன்றின் மேல் பிரம்மாண்டமான மணிக்கூண்டும் சிலைகளும் எழுப்பியபோது, இந்த இரண்டாவது கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சர்க்கார் மறைந்த பிறகு, 1997-ல்தான் அதற்கென்று ஒரு கண்காட்சி அங்கே வந்தது. மறைத்தது கலாசாரத்தின் பெயரால் ஒரு முறை, பாட்டாளியின் பெயரால் ஒரு முறை. உல்லாசத்தின் பெயரால் மூன்றாம் முறை வேண்டாமே!

ஊர்க்காரர்களைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். 1945 ஏப்ரல் 16-ம் தேதி அமெரிக்க ராணுவம் வைமார்வாசிகள் சுமார் ஆயிரம் பேரைக் குன்றுக்கு நடத்திக்கொண்டு போய்ப் பிணங்களைக் காட்டிற்று. எங்களுக்குத் தெரியாது என்று பலர் சொன்னார்கள். கைதிகள் அந்த ஊர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியவர்கள்; அந்த ஊர்த் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். தெரியாது என்ற பேச்சை நான் நம்பவில்லை. ஆனால் அவர்களுடைய பேரன்மார் வேறு மாதிரி. 1999-ல் வைமார் ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகரமாகக் கொண்டாடப்பட்டபோது, குன்றின் காட்டில் மறைந்து கிடந்த பழைய வேட்டைப் பாதையை வெட்டித் திறந்தார்கள். ஒரு முனையில் அன்னா அமாலியாவின் அரண்மனை, மறு முனையில் முகாம். நாடகம் நடந்த இடத்திலிருந்து கொலை நடந்த இடத்துக்கு நடந்தே போகலாம். ஊர்க்காரர்களே பாதை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். விருந்தாளிகளாகிய நாம் அதை எழுதக் கூசுகிறோம்!

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கலாம். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். நல்ல இலக்கியம் மனிதனை உயர்த்தும் என்று மேடைக்கு மேடை பேசுகிற கூட்டத்தைச் சேர்ந்தவன். அந்தப் பேச்சுக்கு வைமார் ஒரு சவால். ஐரோப்பாவிலேயே அதிகமாகக் கவிதை மணந்த ஊர் அது. குன்றில் வேலி போட்டபோது அந்த ஊரின் கலாசாரவாதிகளுக்கு வந்த கோபம் ஒரு பெயரின் மேல்தான். ஆக, புஸ்தகம் படித்தவன் தானாகவே நல்லவனாகிவிடுவதில்லை. படித்ததைத் தன் அண்டை மனிதனுக்காகப் பயன்படுத்துகிறானா, தன் வீட்டுச் சுவருக்கு அலங்காரமாக்குகிறானா என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியைச் சந்திக்கப் பயந்து குன்றைத் தவிர்க்கிறவன், இலக்கியத்தைக் காப்பாற்றவில்லை. இலக்கியத்தின் மேல் தனக்குள்ள நம்பிக்கை சோதனைக்கு நிற்காது என்று ஒப்புக்கொள்கிறான். என் நம்பிக்கை நிற்கும். முகாமுக்குள் கைதிகள் கவிதை எழுதினார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கவிதை அந்தக் குன்றில் சாகவில்லை. கீழே ஊரில் அதைச் சிலைக்குப் பூட்டி வைத்திருந்தவர்களிடம்தான் அது செத்துப் போயிருந்தது.

ஆகவே, போகிறவர்களுக்கு என் யோசனை ஒன்று. காலையில் குன்றுக்குப் போங்கள். பிற்பகலில் ஊருக்கு இறங்கி வந்து கதேயின் வீட்டையும் ஷில்லரின் மேஜையையும் பாருங்கள். வரிசை மாறினால் வேறு மாதிரித் தெரியும். அப்போது அந்த மேஜை வெறும் பழம் பொருளாக இராது. சாகுந்தலத்தின் பெருமையும் அப்போது நினைவுக்கு வந்தால் தாராளமாக வரட்டும்.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வைமாரைப் பற்றி எவ்வளவு பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள். பூங்காவையும் காப்பியையும் விட வேண்டாம். அந்தப் பழைய தபால் விலாசத்தையும் ஓர் ஓரத்தில் சேர்த்து எழுதிவிடுங்கள். எழுதினவர்களே வைமாரை அதோடு சேர்த்துத்தான் எழுதினார்கள்.